ஸ்பிரிங் மார்க்கெட்: ஸ்காபரோ பக்கம் இப்ப வீடு எடுக்கலாமா, இன்னும் பொறுக்கிறதா?

மல்வேர்ன்வாசி | 2025 மே 10

எல்லாருக்கும் வணக்கம். நானும் மனுசனும் எட்டு வருசமா ரொறன்ரோவில, ஸ்காபரோ பக்கத்து மல்வேர்ன்ல ஒரு பேஸ்மென்ட்ல வாடகைக்கு இருக்கிறம். ரெண்டு பிள்ளையள், மாமியும் எங்களோடதான். இந்த ஸ்பிரிங்கில எப்பிடியும் ஒரு வீடு எடுக்கிறதெண்டு தைப்பொங்கல் அண்டைக்கே கதைச்சு முடிவெடுத்தனாங்கள், இப்ப மே மாசம் வந்திட்டுது, இன்னும் ஒண்டும் நடக்கேல்லை, வீட்டில ஒவ்வொரு நாள் இரவும் இதே கதைதான்.

2022 மாசியில ஒருக்கா முயற்சி செய்தனாங்கள். அப்ப ஒரு டவுன்ஹவுசுக்கு எங்களோட சேத்து 19 ஓஃபர், கடனும் வீட்டுச் சோதனையும் சரிவந்தால்தான் வாங்குவம் எண்டு கண்டிஷன் போட்ட ஓஃபரை ஆரும் திறந்தும் பாக்கேல்லை, எங்கட கையில இருந்த காசை விட கனக்க மேல போயிட்டுது, அண்டைக்கு இரவு காருக்குள்ள இருந்து நான் அழுததை இண்டைக்கும் மறக்கேல்லை. இப்ப எல்லாம் தலைகீழ். எங்கட ரோட்டில மட்டும் ஆறு வீட்டுக்கு முன்னால ஃபோர் சேல் போர்ட். அதில ஒண்டு மார்ச் பிரேக்குக்கு முன்னம் நட்டது, அப்ப போர்டின்ர கால் முழங்கால் உயர ஸ்னோவுக்குள்ள நிண்டது, இப்ப அதைச் சுத்தி டியூலிப் பூத்து வாடவும் தொடங்கிட்டுது, போர்ட் அப்பிடியே நிக்குது.

நாங்கள் பாத்து வைச்சிருக்கிறது மோர்னிங்சைட் பக்கம் ஒரு செமி, பக்கத்து வீட்டோட ஒரு சுவர் ஒட்டினது, 1972ல கட்டினது, கேக்கிறது 869,000. பேஸ்மென்ட்டுக்குத் தனி வாசல், அதில ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கு. எங்களால 850,000 வரைக்கும் போக ஏலும், அதுக்கு மேல மூச்சு முட்டும். ஏஜாக்ஸ்லயும் ரெண்டு டவுன்ஹவுஸ் பாத்தம், ஆனா மனுசனுக்கு வேலை டவுன்டவுன்ல, அதுதான் யோசனை.

இவர் சொல்லுறார் வட்டி இன்னும் இறங்கும், ஜூன் 4ம் திகதி மத்திய வங்கி பாங்க் ஒஃப் கனடா சொல்லுறதைப் பாத்திட்டு முடிவெடுப்பம் எண்டு. ஏஜென்ட் சொல்லுறார் இந்த கிழமையே ஓஃபர் போடுங்கோ, பிறகு கை நழுவிப் போயிடும் எண்டு. மாமி சொல்லுறா வைகாசிக்குள்ள பால் காய்ச்சாட்டில் ஆனியும் ஆடியும் வந்திடும் எண்டு. எனக்கு ஆரின்ர கதையைக் கேக்கிறதெண்டே தெரியேல்லை. அனுபவப்பட்ட ஆக்கள் ஒருக்கா சொல்லுங்கோ.

---

பழைய ரொறன்ரோக்காரன் | மே 10

தங்கச்சி, நான் இந்த ஊருக்கு வந்தது 1988 கடைசியில. வந்து சேர எல்லாரும் சொன்னவை இப்ப வாங்காட்டில் எப்பவுமே வாங்க ஏலாது எண்டு. 1989ல ரொறன்ரோ பக்கம் ஒரு வீட்டின்ர சராசரி விலை 273,000 சொச்சம். 1996ல 198,000. அந்தப் பழைய விலைக்குத் திரும்பி வர 2002 ஆகிட்டுது. பதிமூண்டு வருசம். எனக்குத் தெரிஞ்ச ரெண்டு குடும்பம் 89ல வாங்கி, வட்டி கட்ட ஏலாமல் திறப்பை பாங்கிட்டக் குடுத்திட்டுப் போனவை. அதே நேரம் 96ல "இன்னும் விழும், பொறுப்பம்" எண்டு இருந்தவையும் எனக்குத் தெரியும், அவை கடைசியில 2004ல கூடின விலைக்கு வாங்கினவை. அடிமட்டம் இதுதானெண்டு அண்டைக்கும் ஆரும் மணி அடிச்சுச் சொல்லேல்லை, இண்டைக்கும் சொல்லப் போறதில்லை. அதால வட்டியும் விலையும் எங்க போகும் எண்டு பாத்து நாள் குறிக்கிற வேலையை விடுங்கோ.

இப்ப உள்ள நிலைமையைப் பாருங்கோ. ரியல் எஸ்டேட் போர்ட் ஏப்ரல் கணக்கு இந்தக் கிழமைதான் வெளியில விட்டது. ரொறன்ரோவும் சுத்தி உள்ள ஊர்களும் சேந்த ஜீரிஏ முழுக்க 5,601 வீடு வித்திருக்கு, போன வருச ஏப்ரலை விட 23 வீதம் குறைவு. விக்க நிக்கிறது 27,000க்கு மேல. சராசரி விலை 1,107,000 கிட்ட, 2022 மாசியில அது 1,334,000 வரைக்கும் போனது. அமெரிக்கா போட்ட வரிக் கதையால வேலை நிக்குமோ போகுமோ எண்ட பயத்தில சனம் கையைக் கட்டிக்கொண்டு நிக்குது. ஏப்ரல் மே எண்டால் வழக்கமா இந்த ஊரில சண்டை பிடிச்சு வாங்கிற மாசம். பள்ளிக்கூடம் முடிய ஜூன் கடைசியில மாறி, செப்டம்பர்ல பிள்ளையைப் புதுப் பள்ளிக்கூடத்தில விடோணும் எண்டு எல்லாரும் ஒரே நேரம் இறங்குவினம். இந்த ஸ்பிரிங்கில விக்கிற ஆக்கள் வழமை போல இறங்கிட்டினம், வாங்கிற ஆக்கள்தான் வரேல்லை.

அதால உங்கட ஏஜென்ட் சொல்லுற "கை நழுவிப் போயிடும்" எண்ட கதைக்கு இப்ப ஒரு அர்த்தமும் இல்லை. அவரிட்ட ஒண்டு கேளுங்கோ: அந்த வீட்டை எப்ப எப்ப என்ன விலைக்கு விக்கப் போட்டது எண்ட முழு லிஸ்டிங் ஹிஸ்டரியைத் தரச் சொல்லுங்கோ. கனபேர் இப்ப என்ன செய்யினம் எண்டால், முதல்ல 749,000 எண்டு குறைச்சுப் போட்டு, எல்லா ஓஃபரையும் ஒண்டாப் பாக்க ஓஃபர் நைட் எண்டு ஒரு திகதியும் குறிப்பினம், சனம் அடிபட்டு ஏத்துமெண்ட நினைப்பில. அண்டைக்கு ஒருத்தரும் வராட்டில் அந்த லிஸ்டிங்கை எடுத்திட்டு, அடுத்த நாள் 889,000க்குப் புதுசாப் போடுவினம், நாள் கணக்குத் திரும்ப சைபரில இருந்து ஓடும். நீங்கள் பாக்கேக்க "மார்க்கெட்டுக்கு வந்து ஆறு நாள்" எண்டு இருக்கும், உண்மையில அது எழுபது நாள் நிண்ட வீடு. அது தெரிஞ்சால் எவ்வளவு கேக்கலாம் எண்டது உங்களுக்கே விளங்கும்.

கண்டிஷன் இல்லாமல் மட்டும் ஓஃபர் போடாதேங்கோ. ஃபைனான்சிங் ஒண்டு, இன்ஸ்பெக்‌ஷன் ஒண்டு, அஞ்சு வேலை நாள். 2022ல இதைக் கேட்டா வாசலில நிப்பாட்டினவை. இண்டைக்கு விக்கிறவர் ஓமெண்டுவார். ஓமெண்டாட்டில் அடுத்த வீட்டைப் பாருங்கோ, இருக்கு.

---

ஏஜாக்ஸ் அக்கா | மே 10

நான் 2022 பெப்ரவரியில வாங்கின ஆள். உச்ச விலை எண்டு அண்ணை சொன்ன அதே மாசம். இன்ஸ்பெக்‌ஷன் இல்லை, ஃபைனான்சிங் கண்டிஷன் இல்லை, வீட்டுக்குள்ள நிண்டது மொத்தமா இருபத்தைஞ்சு நிமிசம், வெளியில அடுத்த குடும்பம் சப்பாத்தைக் கழட்டிக்கொண்டு நிண்டது. பேஸ்மென்ட் வடிவா இருந்தது. புதுப் பெயின்ட், புதுக் கார்ப்பெட், மூலையில வாசம் வர ஒரு பிளக்-இன் குத்தி இருந்தது. எனக்கு அப்ப அதை ஏன் குத்தி வைச்சிருக்கினம் எண்டு யோசிக்கத் தெரியேல்லை.

அடுத்த வருசம் பங்குனியில ஸ்னோ உருகத் தொடங்க ஒரு நாள் விடிய அஞ்சரைக்கு உடுப்புக் கழுவ கீழ இறங்கினன், கடைசிப் படியால இறங்கின கால் கார்ப்பெட்டில சளக் எண்டு போட்டுது. காலுறை நனைஞ்சு போச்சு. லைட்டைப் போட்டுப் பாத்தா பின் சுவரில இருந்து நடு அறை வரைக்கும் கறுத்துப் போய்க் கிடக்கு. அம்மா ஊரில இருந்து கொண்டு வந்து தந்த கலியாண அல்பம் ரெண்டும் கீழ் ராக்கையில இருந்தது, பக்கமெல்லாம் ஒண்டோட ஒண்டு ஒட்டிப் போச்சு. ட்ரைவோலைப் பிரிச்சுப் பாத்தவர் சொன்னார் சுவர் வெடிப்பு எத்தினையோ வருசப் பழசு, மேல பெயின்ட் அடிச்சு மூடியிருக்கினம் எண்டு. வெளியால மண் கிண்டி, அத்திவாரத் தண்ணியை வடிக்கிற வீப்பிங் டைல் குழாய் மாத்தி, அதை வெளியில இறைக்கிற சம்ப் பம்ப் வைச்சு, 21,000 டொலர். லைன் ஒஃப் கிரெடிட்ல எடுத்துத்தான் கட்டினது, இண்டைக்கும் கட்டிக்கொண்டிருக்கிறன்.

இதை ஏன் இவ்வளவு விபரமா எழுதுறன் எண்டால், மயூரியோ மாலதியோ உங்கட பேர் என்னவோ தெரியாது தங்கச்சி, நீங்கள் வீடு பாக்கிற இந்த ஏப்ரல் மே மாசம்தான் ஒரு வீடு தன்ர குறையை மறைக்க ஏலாத மாசம். நிலத்துக்குள்ள இருக்கிற ஸ்னோத் தண்ணி எல்லாம் இப்பதான் இறங்கும். மழை பெஞ்சு அடுத்த நாள் போய்ப் பாருங்கோ. பேஸ்மென்ட் சுவரின்ர அடிப்பக்கத்தில உப்புப் பூத்த மாதிரி வெள்ளைப் பொடி இருக்கோ எண்டு விரலால தடவிப் பாருங்கோ. வீட்டைச் சூடாக்கிற ஃபர்னஸ் நிக்கிற அறைக்குள்ள ஆரும் பெயின்ட் அடிக்க மாட்டினம், அங்கதான் உண்மை இருக்கும், அந்தச் சுவரைப் பாருங்கோ. ஹொட் வோட்டர் டாங்க்கின்ர காலில கறள் பிடிச்சிருக்கோ, ட்ரையர் நிக்கிற மூலையில ஏதும் கோடு இருக்கோ. வெளியில போய் பீலித் தண்ணி எங்க விழுகுது எண்டு பாருங்கோ, அத்திவாரத்துக்குப் பக்கத்திலயே விழுகுதெண்டால் அது உள்ளுக்குத்தான் வரும். மண் வீட்டுப் பக்கம் சரிஞ்சிருந்தாலும் அதேதான்.

டாங்க்கும் ஃபர்னஸும் வாடகையோ சொந்தமோ எண்டும் எழுத்தில கேளுங்கோ, வாடகை எண்டால் மாசம் எவ்வளவு, எத்தினை வருசம் எண்டு பேப்பரைக் காட்டச் சொல்லுங்கோ.

---

பிராம்ப்டன் பையன் | மே 11

அக்கா நான் கோயம்புத்தூர், இங்க வந்து எட்டு வருஷம் ஆச்சு. நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. என்னைக் கேட்டா இன்னும் ஆறு மாசம் வெயிட் பண்ணுங்க. 2020, 2021ல ரெண்டு பர்சன்ட்டுக்கும் கீழ வீட்டு லோன் வட்டியை அஞ்சு வருஷம் ஃபிக்ஸ் பண்ணினவங்க எல்லாருக்கும் இந்த வருஷமும் அடுத்த வருஷமும்தான் ரின்யூவல் வருது. நாலு பர்சன்ட் பக்கத்துல போய் விழும்போது சில பேரால சமாளிக்க முடியாது, அவங்களும் விக்க வருவாங்க. லிஸ்டிங் ஏறிட்டே இருக்கு, வாங்க ஆள் இல்லை, அப்புறம் ஏன் இப்பவே அவசரப்படணும்?

நான் பட்டது வேற கதை. 2021ல மிஸ்ஸிசாகால ஒரு ப்ரீ-கன்ஸ்ட்ரக்‌ஷன் காண்டோ, இன்னும் கட்டாத அபார்ட்மென்ட், புக் பண்ணேன், வெறும் ஃப்ளோர் பிளானைப் பாத்துட்டு. போன வருஷம் கடைசில க்ளோசிங், மீதிக் காசு கட்டி வீட்டை எடுக்கற நாள், வந்துச்சு. இப்ப என்ன விலை பெறும்னு பாக்க பேங்க் அப்ரைசலுக்கு ஆள் அனுப்புச்சு, நான் கையெழுத்துப் போட்ட விலையை விட 92,000 டாலர் கம்மியா வந்துச்சு. பேங்க் அப்ரைசல் பண்ண விலைக்குத்தான் லோன் தரும், நடுவுல இருக்கிற பள்ளத்தை நாமதான் கைக்காசு போட்டு ரொப்பணும். அக்ரிமென்ட்டையே வேற ஆளுக்குக் கைமாத்தி அசைன்மென்ட்ல வித்துடலாம்னு பாத்தேன், அதே பில்டிங்ல ஏற்கனவே முப்பது பேர் அதே நினைப்புல லைன்ல நிக்கறாங்க. ஊர்ல அப்பா ரிட்டயர்மென்ட் காசுல இருந்து அனுப்பினார். அதைச் சொல்லும்போதே தொண்டையை அடைக்குது. எல்லாரும் வாங்கறாங்கன்னு ஓடிப் போய் வாங்கினதோட பலன் அது. அதனால நீங்க பொறுமையா இருங்க.

---

பழைய ரொறன்ரோக்காரன் | மே 11

தம்பி, உங்கட வலி விளங்குது. அப்பாட காசு எண்ட இடத்தில எனக்கும் மனசு கனத்துப் போச்சு. ஆனா நீங்கள் வாங்கினது நாலு வருசத்துக்குப் பிறகு வரப்போற வீட்டை, இண்டைய விலை தெரியாமல். இவை வாங்கப் போறது கண்ணால பாத்து, அப்ரைசல் கண்டிஷனுக்குள்ள முடிச்சு, அஞ்சாள் குடியிருக்கப் போற வீட்டை. கொண்டோவும் செமியும் ஒரே மார்க்கெட் இல்லை. கொண்டோ இப்ப நிரம்பி வழியுது, 500 சதுர அடிப் பெட்டியளை முதலீடு எண்டு வாங்கி வைச்சவை எல்லாம் வாடகை மோர்ட்கேஜ் எண்ட வீட்டுக் கடனுக்குக் காணாமல் விக்க நிக்கினம். பிள்ளையளோட இருக்கக்கூடிய மூண்டு அறை வீடு அவ்வளவு நிரம்பேல்லை.

வட்டிக்குப் பொறுக்கிறதெண்டால் அதுக்கும் ஒரு வழி இருக்கு. மனுசனிட்டச் சொல்லுங்கோ: பாங்க் ஒஃப் கனடா 2024 ஜூன்ல 5 வீதத்தில இருந்து குறைக்கத் தொடங்கி இப்ப 2.75ல நிக்குது, ஏப்ரல் 16 ஒண்டும் மாத்தேல்லை. அவை குறைச்சால் உடன குறையிறது அவையோட சேந்து ஏறி இறங்கிற வேரியபிள் வட்டி. அஞ்சு வருச ஃபிக்ஸ்ட் வட்டி ஓடுறது பொண்ட் மார்க்கெட்டோட, அது ஜூன் 4க்காகக் காத்துக்கொண்டு இருக்காது. நீங்கள் இப்பவே 120 நாளுக்கு ஒரு ரேட் ஹோல்ட் எடுத்து வையுங்கோ. ஏறினால் பிடிச்ச வட்டி உங்களுக்கு, இறங்கினால் குறைஞ்சதைக் கேட்டு வாங்கலாம். பிறகு ஏன் திகதி பாத்துக்கொண்டு இருக்கோணும்?

---

மல்வேர்ன்வாசி | மே 11

எல்லாருக்கும் கனக்க நன்றி. ஏஜாக்ஸ் அக்கா, நீங்கள் எழுதினதை இவருக்கு வாசிச்சுக் காட்டினன், ஒண்டும் பேசேல்லை, எழும்பிப் போய் எங்கட பேஸ்மென்ட் சுவரைத் தடவிப் பாத்திட்டு வந்தார். லிஸ்டிங் ஹிஸ்டரி கேட்டம். அண்ணை சொன்னது சரி, அந்த வீடு மார்ச்ல 729,000க்குப் போட்டு எடுத்தது, பிறகு 899,000, இப்ப 869,000. எங்களுக்குக் காட்டினது "12 நாள்" எண்டு.

இன்னொரு கேள்வி. வீடு வாங்கேக்க கட்டிற லாண்ட் ட்ரான்ஸ்ஃபர் டாக்ஸ்ல முதல் வீடு எண்டால் 8,475 டொலர் குறையும் எண்டு ஏஜென்ட் கணக்குப் போட்டுத் தந்தவர், அந்தக் காசை நாங்கள் வக்கீல் செலவுக்கு எண்டு ஒதுக்கி வைச்சிருக்கிறம். கனடாவில நாங்கள் ஒரு வீடும் வாங்கேல்லை. ஆனா யாழ்ப்பாணத்தில கோண்டாவில்ல அம்மா அப்பாட வீடு எனக்குச் சீதனமா எழுதினது, கலியாணத்தோட. அதில இப்ப சித்திதான் இருக்கிறா, வாடகையும் இல்லை ஒண்டும் இல்லை. அது இதுக்குள்ள வராதுதானே?

---

கணக்குப்பிள்ளை | மே 11

வரும். நல்ல வேளை கேட்டீங்கள், ஓஃபர் போட முன்னம் கேட்டீங்கள்.

எங்கட மாகாணம் ஒன்டாரியோவின்ர சட்டத்தில இருக்கிற சொல் "உலகத்தில எங்கயும்". வாங்கிற ஆள் உலகத்தில எங்கயும் ஒரு வீட்டையோ வீட்டில ஒரு பங்கையோ எப்பவுமே வைச்சிருந்திருக்கக் கூடாது. ரொறன்ரோ சிற்றி தனியா எடுக்கிற வரிக்கும் அதே நிபந்தனைதான். சீதன உறுதி உங்கட பேரில இருக்கெண்டால் உங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. மனுசன்ர பேரில மட்டும் வாங்கினால் தப்பலாமோ எண்டு அடுத்ததா யோசிப்பீங்கள், அதுவும் ஏலாது, ஏனெண்டால் அவரின்ர மனுசியா இருக்கிற காலத்தில உங்களுக்கு வீடு சொந்தமா இருந்திருக்கு, அப்ப அவருக்கும் கிடைக்காது. கலியாணத்துக்கு முன்னமே நீங்கள் அதை வித்திருந்தால் கதை வேற. எங்கட சனத்தில எத்தினை பேர் இது தெரியாமல் "இல்லை" எண்டு கையெழுத்து வைச்சிட்டு இருக்கினம் தெரியுமோ. ஊர் வீடு ஆருக்குத் தெரியப் போகுது எண்டு சிலர் சொல்லுவினம், அதைக் கேக்காதேங்கோ. பிறகு பிடிபட்டால் வரியும் வட்டியும் சேத்துக் கட்டோணும். வக்கீலிட்ட உறுதி விபரத்தை அப்பிடியே சொல்லுங்கோ.

சரி, காசுக் கணக்கு. 850,000க்கு வாங்கிறீங்கள் எண்டு வைப்பம். மாகாணத்தின்ர வரி 13,475. ரொறன்ரோ எல்லைக்குள்ள எண்டால் சிற்றியும் இன்னொரு 13,475 எடுக்கும், மொத்தம் 26,950. சலுகை இருந்திருந்தால் 18,475ஓட முடிஞ்சிருக்கும், உங்களுக்கு முழுசும் கட்டோணும். ஏஜாக்ஸ், பிக்கரிங், மார்க்கம் எல்லாம் ரொறன்ரோ சிற்றிக்கு வெளியில, அங்க அதே விலைக்கு 13,475 மட்டும்தான். சிற்றி எல்லையில இருக்கிற ஸ்டீல்ஸ் ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பதின்மூவாயிரம் வித்தியாசம். இது மோர்ட்கேஜோட சேராது, குளோசிங் அண்டு கையில இருக்கோணும்.

முற்பணம் பத்து வீதம் 85,000 எண்டால் கடன் 765,000. இருபது வீதத்துக்குக் குறைய எண்டதால நீங்கள் கட்டாட்டில் பாங்கைக் காப்பாத்திற மோர்ட்கேஜ் இன்சூரன்ஸ் பிரீமியம் வரும், 30 வருசத்துக்கு எடுத்தால் 3.3 வீதம், 25,245. அது கடனோட சேந்திடும், ஆனா அந்தப் பிரீமியத்துக்கு எட்டு வீத மாகாண விற்பனை வரி 2,020 கிட்ட, அதைக் கையால கட்டோணும், கனபேர் மறந்து போறது இதுதான். நாலு வீத வட்டி எண்டால் மாசம் 3,760 அளவில வரும். பாங்க் உங்களைச் சோதிக்கிறது நாலில இல்லை, ரெண்டு கூட்டி ஆறு வீதத்தில, அதுக்கு ரெண்டு பேரின்ர வருமானமும் சேத்து 158,000 கிட்ட இருக்கோணும், கார் லோன் இருந்தால் இன்னும் கூட. பேஸ்மென்ட் வாடகையில ஒரு பங்கைச் சில பாங்க் கணக்கில எடுக்கும்.

30 வருசம் கிடைக்குமோ எண்டு பயப்பட வேண்டாம். அதுக்கு "முதல் வீடு" எண்டதின்ர அர்த்தம் வேற, கடைசி நாலு வருசம் உங்கட சொந்த வீட்டில நீங்கள் குடியிருக்கேல்லை எண்டாலும் காணும். ஒரே சொல்லுக்கு ஒவ்வொரு இடத்திலயும் ஒவ்வொரு கணக்கு, அதுதான் சனம் குழம்புறது. முதல் வீட்டுக்குச் சேமிக்கிற எஃப்எச்எஸ்ஏ கணக்கு ரெண்டு பேரும் திறந்து வைச்சிருக்கிறீங்களோ? அதைப் பற்றித் தனியா எழுதுங்கோ, பாத்துச் சொல்லுறன்.

---

ஏஜாக்ஸ் அக்கா | மே 11

அந்த பேஸ்மென்ட் குடும்பத்தைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை. நீங்கள் மாமியை அங்க விடப் போறீங்களோ, அவையை வைச்சு வாடகை எடுக்கப் போறீங்களோ? லிஸ்டிங்கின்ர அடியில "பேஸ்மென்ட் ரெட்ரோஃபிட்டுக்கு விக்கிறவர் உத்தரவாதம் இல்லை" எண்டு ஒரு வரி இருக்கும், பாருங்கோ. அப்பிடி எண்டால் அது பெர்மிட் எடுத்துக் கட்டின யூனிட்டோ எண்டு தெரியாது. நெருப்புத் தடுப்பு, வெளியேறக்கூடிய ஜன்னல் எல்லாம் பாக்கோணும், இன்சூரன்ஸ்காரருக்கும் சொல்லோணும்.

---

பழைய ரொறன்ரோக்காரன் | மே 12

அக்கா சொன்னது முக்கியம். உங்களுக்கு அந்த இடம் வேணுமெண்டால் ஓஃபர்லயே "வேகண்ட் பொசெஷன்", ஆள் இல்லாமல் வெறுமையாத் தரோணும் எண்டு எழுதோணும். விக்கிறவர் உங்களுக்காக வாடகைக்காரரை எழும்பச் சொல்லுற என்12 பேப்பர் குடுக்கோணும், அறுபது நாள் நோட்டீஸ், ஒரு மாச வாடகை நட்டஈடு. அவை எழும்ப மாட்டம் எண்டால் வாடகை வழக்குப் பாக்கிற ட்ரிபியூனல் வரைக்கும் போகும், அது மாசக்கணக்கில இழுக்கும். அவையும் எங்களை மாதிரி ஒரு குடும்பம்தான், பிள்ளையள் இருந்தால் அவையும் பள்ளிக்கூடம் முடியிற வரைக்கும் எண்டு கேப்பினம். அதால அவசரமா குளோசிங் வையாதேங்கோ.

மாமிக்கு ஒண்டு சொல்லுங்கோ. வைகாசிக்குள்ள எப்பிடிப் பாத்தாலும் ஏலாது, இண்டைக்கு ஓஃபர் போட்டாலும் சாதாரணமா அறுபது தொண்ணூறு நாள். தொண்ணூறு நாளுக்கு மேல கொஞ்சம் தள்ளிக் கேட்டால் ஆவணி பிறந்திடும். ஆவணியில நல்ல நாள் எத்தினையோ இருக்கு, வாடகைக்காரருக்கும் நேரம் கிடைக்கும், பிள்ளையளுக்கும் பள்ளிக்கூடம் திறக்க முன்னம் மாறலாம்.

---

பிராம்ப்டன் பையன் | மே 12

அண்ணா சொன்ன ரேட் ஹோல்ட் விஷயம் எனக்கே தெரியாது, நன்றி. நான் இன்னும் வெயிட் பண்ணச் சொல்ற ஆள்தான், ஆனா கண்டிஷனோட போறாங்கன்னா ஒத்துக்கறேன். அக்கா, 850க்கு மேல ஒரு டாலர் கூட போகாதீங்க. ஓஃபர் நைட் அன்னைக்கு "இன்னொரு ஓஃபர் வந்திருக்கு, கொஞ்சம் ஏத்துங்க"ன்னு போன் வரும். அந்த நேரத்துல மனசு தடுமாறும். நம்பரை ஒரு பேப்பர்ல எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டிட்டுப் போங்க.

---

மல்வேர்ன்வாசி | மே 29

என்ன நடந்தது எண்டு கேட்டு ரெண்டு பேர் மெசேஜ் போட்டிருந்தவை, அதால எழுதுறன்.

835,000க்கு ஓஃபர் போட்டம். ஃபைனான்சிங், இன்ஸ்பெக்‌ஷன் ரெண்டுக்கும் அஞ்சு வேலை நாள், வேகண்ட் பொசெஷன், குளோசிங் ஆவணி முதல் கிழமை. ஏஜென்ட் முகத்தைச் சுழிச்சார், இதைக் கொண்டு போனால் அவை கோவிப்பினம் எண்டார். இரவு பத்தரைக்கு 846,000 எண்டு திரும்பி வந்தது, கண்டிஷன் ஒண்டையும் வெட்டேல்லை. ஃப்ரிட்ஜைப் பாத்தன். ஓமெண்டு கையெழுத்து வைச்சம். மாமி சாமிப் படத்துக்கு முன்னால போய் நிண்டவ.

இன்ஸ்பெக்டர் வந்தது புதன்கிழமை. நாங்களும் கூடவே நிண்டம். சுவரெல்லாம் காய்ஞ்சு நல்லா இருந்தது, ஃபர்னஸ் அறையும் பாத்தன் அக்கா, ஒரு பொடியும் இல்லை. பிறகு அவர் மேல் அறையில ஒரு பிளக் பொயிண்டின்ர மூடியைக் கழட்டினார். உள்ளுக்கு வந்த வயர் செம்பு நிறத்தில இல்லை, வெள்ளி நிறம். ஒரு பக்கப் பிளாஸ்டிக் கருகிக் கோப்பிக் கலராப் போயிருந்தது. அந்த அறையில சின்னக் கட்டில் ஒண்டு, மேல பிள்ளையின்ர பொம்மை கிடந்தது. எழுபதுகளில கட்டின வீடுகளில கனக்க அலுமினியம் வயரிங் இருக்கும் எண்டு அவர் சொன்னார், எல்லா இணைப்பையும் லைசன்ஸ் உள்ள எலெக்ட்ரீசியனைக் கொண்டு சரி செய்து மின்சாரப் பாதுகாப்பு அதிகாரசபை ஈஎஸ்ஏயிட்டப் பேப்பர் எடுக்காட்டில் கன இன்சூரன்ஸ் கொம்பனி எடுக்காது எண்டார். இன்சூரன்ஸ் இல்லாட்டில் மோர்ட்கேஜும் இல்லை. எலெக்ட்ரீசியன் 11,000 கேட்டார், சுவர் உடைச்சால் இன்னும் கூடும். விக்கிறவையிட்ட அதைக் கழிக்கச் சொல்லிக் கேட்டம். 2,500 தாறம் எண்டினம், அதுக்கு மேல ஒண்டும் இல்லை.

இவர்தான் வேண்டாம் எண்டு முதல்ல சொன்னது. வட்டிக்குப் பொறுப்பம் பொறுப்பம் எண்டு நிண்ட மனுசன், அந்த வீட்டைக் கண்டு ஆசைப்பட்டும் போயிட்டார், ஆனா அந்தக் கட்டிலைப் பாத்த பிறகு இரவு முழுக்க நித்திரை இல்லை. கடைசி நாளுக்கு முதல் நாள் கண்டிஷன் சரிவரேல்லை எண்டு எழுதிக் குடுத்தம். டிப்பொசிட் 40,000 இண்டைக்குக் காலமை திரும்பி வந்தது. 2022ல இதே வீட்டை வாங்கியிருந்தால் அந்த மூடியை நாங்கள் எப்ப திறந்திருப்பம் எண்டு நினைக்க இப்பவும் வயித்தைப் பிசையுது.

மாமிக்குக் கவலைதான், ஆனா ஆவணிக் கடைசி மட்டும் நாள் இருக்கெண்டு பஞ்சாங்கத்தில மடிச்சு வைச்சிருக்கிறா. அண்டைக்குப் பாத்த ஏஜாக்ஸ் டவுன்ஹவுஸ்ல ஒண்டு 20,000 குறைச்சிருக்கினம், 2003ல கட்டினது, ஒரு வரிதான் கட்டோணும், இவருக்கு கோ ட்ரெயினில போய் வரலாம். இந்தக் கிழமை கடைசியில மழை எண்டு சொல்லியிருக்கு, அதுக்காகவே ஞாயிற்றுக்கிழமை விடியப் பாக்கப் போறம். அக்கா, உங்களுக்கு நேரம் இருந்தால் பக்கத்திலதானே, நீங்களும் ஒருக்கா வந்து அந்த ஃபர்னஸ் அறையைப் பாத்துத் தருவீங்களோ?

---

ஏஜாக்ஸ் அக்கா | மே 29

வாறன் அம்மா. எத்தினை மணி எண்டு இன்பொக்ஸ்ல போடுங்கோ. டோர்ச் லைட் நான் கொண்டு வாறன்.